'ப்ரேக்டு' என்கிறாள் மகள்: வினைச்சொல் கேள்வி பதில்

கேள்வி: சார், என் மகளுக்கு நான்கு வயது. போன மாதம் வரை 'ப்ரோக்' என்று சரியாகச் சொன்னவள் இப்போது 'ஐ ப்ரேக்டு இட்' என்கிறாள். கற்றதை மறக்கிறாளா?

பதில்: இல்லைங்க, வளர்கிறாள். முன்பு சொன்ன 'ப்ரோக்' காதில் விழுந்ததை அப்படியே ஒப்பித்தது. இப்போது கடைசியில் 'எட்' சேர்த்தால் இறந்தகாலம் என்பது பிடிபட்டுவிட்டது, கண்ட இடத்திலெல்லாம் சேர்க்கிறாள். உங்கள் வீட்டில் யாரும் 'ப்ரேக்டு' என்று சொல்லியிருக்க மாட்டீர்கள். அவளே செய்துகொண்ட சொல். உறுத்துவதால் எந்நேரமும் தப்பாகவே பேசுவதுபோலத் தோன்றும். 1992-இல் கேரி மார்கஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் 83 குழந்தைகளின் பேச்சை எண்ணியபோது, 'ப்ரேக்-ப்ரோக்' போல 'எட்' சேராத ஒழுங்கற்ற வினைகளின் இறந்தகாலத்தில் இந்தப் பிழை நடுவளவாக (மீடியன்) 2.5 சதவீதம்தான். திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். பதில் பேச்சில் நீங்கள் 'ப்ரோக்' என்றால் போதும்.

கேள்வி: எல்லாமே மனப்பாடமாக இருக்கலாமே? விதி இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பதில்: இல்லாத சொல்லைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1958-இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டி, "இவருக்கு 'ரிக்' பண்ணத் தெரியும், நேற்றும் அதையே செய்தார், நேற்று என்ன செய்தார்?" என்ற மாதிரி கேட்டார். பிள்ளைகள் பலர் 'ரிக்டு' என்றார்கள்.

கேள்வி: அப்படியென்றால் மூளையில் விதிக்கு ஒரு பெட்டி, மனப்பாடத்துக்கு ஒரு பெட்டியா?

பதில்: மொழி-உளவியல் அறிஞர் ஸ்டீவன் பிங்கர் கட்சி அப்படித்தான் சொல்கிறது. எதிர்க்கட்சி ரூமல்ஹார்ட், மெக்லெலண்ட் என்ற இரு உளவியலாளர்கள். 1986-இல் அவர்கள் செய்த கணினி மாதிரிக்குள் விதி என்று எதையும் எழுதவில்லை. ஒலிகளுக்கிடையிலான பிணைப்புகளின் வலு மட்டும்தான். ஆனாலும் இறந்தகாலத்தைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. ('மெயில்' என்பதற்கு 'மெம்பிள்டு' என்று உளறியதும் உண்டு!) 1997-இல் மைக்கேல் உல்மன் குழுவினர் நோயாளிகளைச் சோதித்தார்கள். அல்சைமர் உள்ளவர்கள் ஒழுங்கற்ற வினைகளில் அதிகம் தடுமாறினார்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள் ஒழுங்கானவற்றில். மனப்பாடமும் விதியும் தனித்தனியே கெடுகின்றனவே, சரி, பிங்கர் ஜெயித்துவிட்டார் என்று பார்த்தால், 1999-இல் ஜோனிஸும் சைடன்பர்க்கும் அதே மாதிரியான ஒரே கணினிப் பிணைப்பு வலையில் ஒலிப்பகுதியைச் சிதைத்தால் ஒரு கோளாறும், பொருள்பகுதியைச் சிதைத்தால் மற்றதும் வருவதைக் காட்டினார்கள். என் கணக்கில், பெட்டி இரண்டே என்றாலும் நடுச்சுவர் ஓட்டைதான். 'ஸ்ப்ளிங்' என்று கற்பனை வினை ஒன்றைக் கொடுங்கள், விதிப்படி 'எட்' சேர்க்காமல், 'ஸ்ப்ரிங்-ஸ்ப்ரங்' சாயலில் பெரியவர்களே பலர் 'ஸ்ப்ளங்' என்பார்கள்.

கேள்வி: ஒழுங்கற்ற வினைகள் ஏன் ஒழியவில்லை?

பதில்: தினமும் வாயில் புழங்குபவை பிழைக்கும். புழக்கம் குறைந்தால் விதி விழுங்கிவிடும்.

கேள்வி: தமிழில் எப்படி சார்?

பதில்: நமக்கு 'எட்' மாதிரி ஒற்றை முடிவு இல்லை. செய்தான், உண்டான், படித்தான், ஓடினான் என்று வகுப்புக்கு ஒன்று. அதனால் புதுச்சொல் வந்தால் நைசாக நழுவுகிறோம்: 'டவுன்லோடு பண்ணினேன்'. விளையாட்டுக்கு 'கூகுளினேன்' என்று எழுதுபவர்களைக் கவனியுங்கள், கை நேராக 'ஓடினேன்' பக்கம்தான் போகிறது.