சட்டம் உங்கள் பக்கம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் தங்கையின் ஏடிஎம் அட்டை அவள் கணவரிடமே இருக்கிறது. திருமணத்தில் நாங்கள் போட்ட நகைகளை அவளைக் கேட்காமலேயே அடகு வைத்துவிட்டார். எதிர்த்துப் பேசினால், “வீடு என் பெயரில் இருக்கிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பு” என்கிறார் மாமியார். கைநீட்டி அடித்ததில்லை என்பதால் சட்டத்தில் இதற்கு இடமில்லை என்கிறார்கள் உறவினர்கள். புகார் கொடுத்தால் கணவர் சிறைக்குப் போய்விடுவாரோ என்று தங்கையும் அஞ்சுகிறாள். என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உறவினர்கள் சொல்வது தவறு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடி உதையை மட்டும் வன்முறையாகக் கருதவில்லை. இழிவாகப் பேசுவதும், சீதன நகைகளைப் பறித்துக்கொள்வதும், பெண்ணுக்கு உரிய பணத்தை அவள் கைக்கு வரவிடாமல் தடுப்பதும் அதன் 3ஆம் பிரிவில் அடங்கும்.

தங்கையின் அச்சம்தான் என்னை அதிகம் வருத்துகிறது, ஏனெனில் பல பெண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். காவல் நிலையத்தில் கொடுமைக் குற்றமாகப் புகார் அளிப்பது வேறு வழி. இச்சட்டத்தின்கீழ் அவர் மாஜிஸ்திரேட்டிடம் கேட்கப்போவது பாதுகாப்பு, குடியிருப்பு, பராமரிப்புத் தொகை, குழந்தையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆகியவற்றுக்கான உத்தரவுகளையே. பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும்.

வீடு மாமியார் பெயரில் இருப்பதாலேயே உங்கள் தங்கையை வெளியே தள்ளிவிட முடியாது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், தம்பதியர் அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது ‘பகிர்ந்து வாழும் இல்லம்’ ஆகும் என்று 2020இல் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது சொத்துரிமை அன்று, வசிக்கும் உரிமை. சேர்ந்திருக்க முடியாத நிலையில், அதே தரத்திலான வேறு வீட்டையோ அதற்கான வாடகையையோ கணவர் தர வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம்.

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்தவற்றை அறிக்கையாக்கி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் கடமை. நல்லெண்ணத்துடன் நீங்களே தகவல் சொன்னாலும் உங்கள்மீது வழக்கு வராது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு இருந்தாலும், பெண்களுக்கு வழக்கறிஞர் இலவசம். முதல் விசாரணை நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அது நீள்வதுண்டு என்பதால், இடைக்கால உத்தரவையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இச்சட்டத்தைத் தொலைக்காட்சி, வானொலி, அச்சு ஊடகங்கள் வழியே பரப்ப வேண்டும் என்று 11ஆம் பிரிவு அரசுக்குக் கடமை விதித்திருக்கிறது. ரேஷன் கடைச் சுவரிலேயே எழுதிவைக்க வேண்டிய செய்தி இது.

நகை அடகுச் சீட்டின் நகல், திருமணத்தின்போது வாங்கிய நகை ரசீதுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தங்கை உங்களிடம் கொடுத்துவைக்கட்டும். இரவு நேரத்தில் வெளியேற்ற முயன்றால் 181 என்ற மகளிர் உதவி எண்ணை உடனே அழைக்கச் சொல்லுங்கள்.