மனநல கிளினிக்குக்கு சாஃப்ட்வேர் வாங்கறதுக்கு முன்னாடி

கேள்வி: மதுரையில தனியா சைக்கியாட்ரி கிளினிக் வச்சிருக்கேன். சாயங்காலம் மட்டும் ஓபி, 30 பேர் வருவாங்க, நானும் ரிசப்ஷன்ல ஒரு பொண்ணும் மட்டும்தான். இதுவரைக்கும் எல்லாமே பேப்பர் ஃபைல். இப்ப ரெண்டு கம்பெனி டெமோ காட்டிட்டு போயிருக்காங்க. ஒண்ணு மாச சந்தா, டேட்டா அவங்க சர்வர்ல இருக்கும். இன்னொண்ணு ஒரே தடவ காசு, நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். எத வாங்கலாம்?

பதில்: டாக்டர், விலைய அப்புறம் பேசலாம், முதல்ல பேஷண்ட் உங்ககிட்ட சொன்னத யார் யார் பாக்க முடியும்னு ரெண்டு கம்பெனிகிட்டயும் கேளுங்க. பொதுவான கிளினிக் சாஃப்ட்வேர் பலதுலயும் ரிசப்ஷன்ல டோக்கன் போடற ஸ்கிரீன்லயே டயக்னோசிஸ் தெரியும். காய்ச்சல்னா பரவால்ல, உங்க இடத்துல அது கூடாது. ரிசப்ஷன் லாகின்ல பேர், டைம், ஃபீஸ் மட்டும் வரணும், எந்த ஃபைல யார் எப்ப திறந்தாங்கங்கற பதிவும் இருக்கணும்.

அடுத்தது பேஷண்ட் வீட்டுல இருக்கறவங்க சொல்ற விஷயம். பேஷண்டோட மனைவி தனியா வந்து "அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க"ன்னு சொல்லிட்டு போவாங்க, அது நாளைக்கு அவர் கேக்கற கேஸ் சம்மரில பிரிண்ட் ஆயிட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். 2017 மனநலச் சட்டத்துல 23வது பிரிவு ரகசியத்தக் காக்கச் சொல்லுது, 25வது பிரிவு தன்னோட ரெக்கார்ட கேட்டு வாங்கற உரிமைய பேஷண்டுக்கு குடுக்குது, ரெண்டையும் நீங்க காப்பாத்தணும், அதனால மத்தவங்க சொன்னத எழுத தனியா பூட்டற மாதிரி ஒரு பகுதி கண்டிப்பா வேணும்.

ரிமைண்டர் மெசேஜ் பத்தியும் கேளுங்க. வீட்டுக்கே ஒரு ஃபோன்தான், அதுல "மனநல மருத்துவமனை"ன்னு மெசேஜ் வந்து விழுந்தா அந்த பேஷண்ட் மறுபடி வரவே மாட்டாங்க. வாசகத்த நீங்களே மாத்தணும், வேண்டாம்னு சொல்ற ஆளுக்கு நிறுத்தவும் முடியணும்.

டெமோவ அவங்க காட்டற மாதிரி பாக்காதீங்க, உங்க பழைய ஃபைல்ல அஞ்ச எடுத்து (பேர மறைச்சிட்டு) நீங்களே டைப் பண்ணிப் பாருங்க. பத்து வருஷமா வர்ற ஒருத்தருக்கு எந்த மருந்து, எவ்வளவு டோஸ், எத்தன வாரம், ஏன் நிறுத்தினோம்னு ஒரே பக்கத்துல தெரியுதா? லித்தியம் மருந்து சாப்பிடறவங்களோட ரத்த டெஸ்ட் (லித்தியம் லெவல், கிட்னிக்கு கிரியாட்டினின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்) தேதிவாரியா வரிசையா வருதா? ஏடிஹெச்டிக்கு தர்ற மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ், அதாவது கடுமையான கட்டுப்பாடு உள்ள மருந்துப் பட்டியல்ல இருக்கு, சீட்டு ரெண்டு காப்பி வேணும், வருதா? "காதுல யாரோ பேசறாங்க"ன்னு பேஷண்ட் சொன்னத தமிழ்லயே அடிச்சா பிரிண்ட்ல கட்டம் கட்டமா வராம இருக்கா?

இனி க்ளவுடா (கம்பெனி சர்வர்) நம்ம கம்ப்யூட்டராங்கறது. ஃபின்லாந்துல வஸ்தாமோங்கற தெரபி நிறுவனத்தோட சர்வர சரியா பூட்டாம விட்டதால 33,000 பேர் அளவுக்கு ரெக்கார்ட் திருடு போச்சு. கேட்ட பணத்த கம்பெனி தரலன்னதும் திருடினவன் 2020 அக்டோபர்ல பேஷண்டுங்களுக்கே தனித்தனியா மெயில் போட்டு 200 யூரோ குடு இல்லன்னா நீ தெரபில பேசினத வெளிய விடுவேன்னு மிரட்டினான். அடுத்த வருஷம் கம்பெனி திவால். அத நினைச்சா சொந்த கம்ப்யூட்டர்தான் பத்திரம்னு தோணும், ஆனா தனி கிளினிக்ல பேக்கப் தினமும் எடுக்கறவங்கள நான் பாத்ததே இல்ல, ஹார்ட் டிஸ்க் போனா எல்லாம் போச்சு. அதனால உங்களுக்கு சந்தாதான் சரின்னு நினைக்கறேன், லாகினுக்கு ஓடிபி இருந்தா, விட்டுட்டு போகும்போது மொத்த டேட்டாவையும் எக்செல்ல திறக்கற மாதிரி தர்றோம்னு ஒப்பந்தத்துல எழுதிக் குடுத்தா மட்டும். எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டர் வாய்ப்பேச்ச நம்பி வாங்கி, கம்பெனி மூடினப்போ கையில கிடைச்சது ஆயிரக்கணக்கான பிடிஎஃப், எது யாரோடதுன்னே தெரியல. மூணு வருஷ காசு மொத்தமா கட்டாதீங்க, ஒரு வருஷம் போதும்.

கேள்வி: பழைய ஃபைலெல்லாம் ஸ்கேன் பண்ணணுமா?

பதில்: வேண்டாம் டாக்டர், அதுக்கு ஆள் வச்சீங்கன்னா மொத்த ரகசியமும் அந்த ஆள் கையில. பேஷண்ட் அடுத்த தடவ வரும்போது நீங்களே மருந்து வரலாற்ற மட்டும் ஏத்துங்க, ஃபைல் பீரோவுலயே பூட்டி இருக்கட்டும்.