தற்காப்பு, போதை, ஆத்திரம்: குற்றவியல் கேள்வி பதில்

நாகர்கோவிலில் நெடுங்காலம் குற்ற வழக்குகளை நடத்திய மூத்த வழக்கறிஞர் ஒருவர், மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

அருமனை வாசகர்: ஐயா, எங்கள் ரப்பர் தோட்டத்து வேலியைப் பிடுங்க வந்தவர் மண்வெட்டியால் அடித்தபோது, என் தம்பி வெட்டுக்கத்தியால் திருப்பி வெட்டிவிட்டான். தற்காப்பு என்று சொன்னால் விடுதலை கிடைக்குமா?

சொன்னால் மட்டும் கிடைக்காது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைத் தருகின்றன (2024 ஜூலை 1-க்கு முன் நடந்த சம்பவமானால் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும்). அடி விழும் நேரத்தில் ஒருவர் தம் எதிரடியைத் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் வந்தவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிய பிறகு துரத்திச் சென்று வெட்டியிருந்தால், ஆபத்து நீங்கிய அந்தக் கணமே உரிமையும் நீங்கிவிட்டது. தற்காப்பை நிறுவும் பொறுப்பு உங்கள் தம்பியுடையது என்றாலும், அரசுத் தரப்பைப் போல ஐயமற அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. அவர் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும், அதையும் எதிர்த்தரப்புச் சாட்சிகளின் குறுக்கு விசாரணையிலிருந்தே காட்டலாம். தம்பியின் உடலிலும் காயம் இருந்ததா? இருந்தால் அன்றே அரசு மருத்துவமனையில் பதிவான விபத்துப் பதிவேட்டின் நகலை வாங்கி வையுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராமல் விட்ட வழக்குகள் பல அந்த ஒரு தாளில் திசைமாறியுள்ளன.

குளச்சல் வாசகர்: குடிபோதையில் செய்தால் குற்றம் குறையுமா?

தானாகக் குடித்தவருக்குப் போதை புகலிடமல்ல. அறியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ கொடுக்கப்பட்ட போதையையே 23-ஆம் பிரிவு ஏற்கிறது. திருமண விருந்தில் உட்கார இடம் விடாத சிறுவனைக் குடிபோதையில் சுட்டுக் கொன்ற முன்னாள் படைவீரர் பாஸ்தேவின் கொலைத் தண்டனையை 1956-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

தக்கலை வாசகர்: மனநல சிகிச்சை பெறுபவர் என்றால்?

நோய் இருந்தது என்பது போதாது. செயலின் நேரத்தில் அதன் தன்மையையோ தவறையோ அறிய இயலாதவராக இருந்திருக்க வேண்டும். சம்பவத்துக்கு முந்தைய மருத்துவச் சீட்டுகளே வலுவானவை.

மார்த்தாண்டம் வாசகர்: தற்காப்பு வாதம் தோற்றுவிட்டால், அது முற்றிலும் வீண்தானா?

இல்லை, இதைத்தான் பலர் அறிவதில்லை. கொலைக்கு ஆயுளுக்குக் குறைந்த தண்டனை கிடையாது. ஆனால் திடீர்க் கோபமூட்டலோ, நல்லெண்ணத்தோடு எல்லை மீறிய தற்காப்போ ஏற்கப்பட்டால், வழக்கு கொலைக்கான 103-ஆம் பிரிவிலிருந்து, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105-க்கு இறங்கும்; கொல்லும் எண்ணமின்றி, விளைவை அறிந்து மட்டும் செய்தது என்றால் உச்சவரம்பு பத்தாண்டுதான். அடிதடி வழக்குகளிலும் அதே உண்மைகள் தண்டனை குறைய உதவும். குற்றவாளி எனத் தீர்ப்பளித்த பின் தண்டனை பற்றி அவர் தரப்பை நீதிமன்றம் தனியே கேட்க வேண்டும் என்கிறது, குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 258(2). அந்த வாய்ப்பை நம்மில் பலர் ‘கருணை காட்டுங்கள்’ என்ற ஒரே வரியில் வீணடிக்கிறோம். வயது, முன்குற்றமின்மை, முன்திட்டமின்மை, கொடுத்த இழப்பீடு ஆகியவற்றை ஆவணங்களோடு வையுங்கள். 21 வயதுக்கு உட்பட்டவருக்கு, ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றமானால், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தையும் சுட்டிக்காட்டுங்கள்.

இரணியல் வாசகர்: விசாரணைக் காலத்தில் சிறையில் இருந்த நாள்கள் கழியுமா?

கழியும், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 468-ஆம் பிரிவின்படி. அந்த நாள்களின் எண்ணிக்கை தீர்ப்பில் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று, நகல் கிடைத்ததும் முதலில் பாருங்கள்.