இடது பக்க முதுகு வலியோடு ஞாயிற்றுக்கிழமை பந்து போடலாமா?

போடாதீர்கள். ஸ்ப்ரே அடித்து பெல்ட் கட்டிக்கொண்டு நாலு ஓவர் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது வலியை மறைக்கும், காரணத்தை ஒன்றும் செய்யாது.

வலது கை வேகப்பந்து வீச்சாளருக்குக் கீழ்முதுகில் இடது பக்கம் மட்டும், அதுவும் முன்கால் ஊன்றிப் பந்தை விடுகிற நொடியில் சுருக்கென்று வலிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரைத்தான், அதாவது திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் மெல்லிய விரிசலை. உங்களுடைய பத்தொன்பது வயதில் முதுகெலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. இந்திய வேகப்பந்து வீச்சாளர் பும்ராவுக்கே 2019-இல் இது வந்தது, முதுகுத் தொல்லை திரும்பத் திரும்ப வந்து 2023-இல் அறுவை சிகிச்சை வரை போனது.

எதையாவது பிடித்துக்கொண்டு இடது காலில் மட்டும் நின்று மெதுவாகப் பின்னால் வளைந்து பாருங்கள். அதே இடத்தில் வலித்தால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள், ஆரம்ப விரிசல் அதில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே கேளுங்கள்.

வளையும்போது வலிக்கவில்லை என்பதால் விரிசல் இல்லை என்று ஆகிவிடாது. வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், அதை இங்கே யாரும் எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால் மரத்துப்போனாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனை.

டீமில் ஆள் குறைவு என்றீர்கள், புரிகிறது. அதனால்தான் கேப்டனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், வேறு பவுலர் தேட அவருக்கும் நேரம் வேண்டும்.