விலை கேட்கிறார்கள், வாங்காமல் போகிறார்கள்: இணையத்தில் விற்க எப்படி எழுதுவது?

கேள்வி: மதுரைச் சுங்குடிச் சேலைகளை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிறேன். தினமும் பத்துப் பேராவது விலை கேட்கிறார்கள். சொன்னதும் பேச்சே இல்லை. ‘அழகிய மதுரைச் சுங்குடி காட்டன் சேலை. பிரீமியம் குவாலிட்டி. லிமிடெட் ஸ்டாக். விலைக்கு டிஎம் செய்யவும்’ என்றுதான் எல்லாப் படத்துக்கும் கீழே போடுகிறேன். வாங்க வைக்கும்படி எழுத வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எழுத்துக்கு அவ்வளவு பலன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. கடைக்கு நேரில் வரும் பெண் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். முந்தியை விரிக்கச் சொல்வார். துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறம் பார்ப்பார். ‘சாயம் போகுமா, பிளவுஸ் இருக்கா?’ என்று கேட்பார். கைப்பேசியில் பார்ப்பவருக்கு இதில் எதற்கும் வழியில்லை. படம் நிறத்தையும் டிசைனையும் காட்டிவிடும். மிச்சம் அத்தனையையும் எழுத்துதான் செய்தாக வேண்டும். உங்களிடம் விலை கேட்டுப் போகிறவர்களில் பலர், அந்த விலைக்கு என்ன கிடைக்கும் என்பது தெரியாமலே போகிறார்கள்.

படத்துக்குக் கீழே நீங்கள் இப்போது போடும் விவரத்தைப் பாருங்கள். ‘அழகிய’ என்பது படத்திலேயே தெரிகிறது. ‘பிரீமியம்’ என்று நூறு ரூபாய்த் துணிக்கும் போடுகிறார்கள்; படிப்பவர் கண்ணில் அது படுவதே இல்லை. விலையை மறைப்பதுதான் பெரிய நஷ்டம். வாங்கும் எண்ணம் உள்ளவர்கூட முன்பின் தெரியாத ஒருவருக்குச் செய்தி அனுப்பத் தயங்குவார். ஆளைப் பார்த்து விலை சொல்வார்களோ என்ற சந்தேகமும் வரும்.

அதே சேலைக்கு இப்படி எழுதலாம் (விலை உதாரணத்துக்குத்தான்):

“கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த மதுரைச் சுங்குடி. அரக்கு உடல், பச்சை பார்டர். ரூ. 2,200, கூரியர் சேர்த்து.

முழுப் பருத்தி, மெல்லிய 80-ஆம் நம்பர் நூல். நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் கனக்காது. சேலை 5.5 மீட்டர், அதோடு சேர்ந்தே 80 செ.மீ. பிளவுஸ் துணி. புள்ளிகள் கையால் கட்டியவை என்பதால் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். முதல் இரண்டு மூன்று துவையலில் சாயம் சற்று இறங்கும். மற்ற துணியோடு சேர்க்காமல் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம். கிழிசலோ கறையோ இருந்தால் 3 நாளுக்குள் சொல்லுங்கள்; மாற்றித் தருகிறோம், திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது.”

முதல் பத்தியிலேயே பொருள், நிறம், விலை மூன்றும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிகளுக்குப் பிறகு விவரம் மடிந்துவிடும். அந்த இடத்தை ‘அழகிய’வுக்கும் பூ எமோஜிகளுக்கும் கொடுத்துவிட்டால் முக்கியமானது மடிப்புக்குள் போய்விடும்.

சாயம் இறங்கும் என்று நாமே சொல்லலாமா என்று பயப்பட வேண்டாம். சொல்லாமல் விட்டால் சேலை திரும்பி வரும், கூடவே கோபமும் வரும். முன்பே சொன்னால் அது பராமரிப்புக் குறிப்பு. குறையைச் சொல்லும் கடைக்காரர் நிறையைச் சொல்லும்போதும் நம்புவார்கள்.

‘கையால் முடிச்சிட்டது’ என்ற சொல்லில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. ஆனால் இன்று சந்தையில் சுங்குடி என்று ஓடுவதில் பெரும்பகுதி அச்சுப் புள்ளிதான். அச்சு என்றால் அச்சு என்றே எழுதுங்கள். அதற்கும் அதன் விலைக்கும் வாங்க ஆள் உண்டு. வேறு ஊரில் அச்சடித்த துணிக்கு மதுரைப் பெயர் வைப்பது சட்டப்படியும் தவறு. கைவேலைதான் என்றால் அதைக் கண்ணுக்குக் காட்டுங்கள். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடாக நிற்கும். இஸ்திரி போடும் முன், பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். கீழே ‘முடிச்சு அவிழ்த்த சுருக்கம், இரண்டு துவையலில் மட்டுப்படும்’ என்று ஒரு வரி. விலை ஏன் 2,200 என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

என்னென்ன எழுதுவது என்று தெரிந்துகொள்ள, கடந்த இரண்டு மாத வாட்ஸ்அப் உரையாடல்களைத் திறந்து, வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதி எண்ணிப் பாருங்கள். ஐந்தாறு கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். அவற்றின் பதில்தான் உங்கள் விவரம், அதிகம் கேட்டது மேலே. ‘ரவிக்கை’ என்று யாரும் கேட்கவில்லையென்றால் ‘பிளவுஸ்’ என்றே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் உண்டு. பொருளின் பெயரைக் கடைசியில் ஒருமுறை அப்படியும் போட்டுவையுங்கள்.

‘லிமிடெட் ஸ்டாக்’ உண்மையென்றால் ‘இந்த நிறத்தில் 3 சேலை’ என்று எண்ணோடு சொல்லுங்கள். பொய்யென்றால் எடுத்துவிடுங்கள். 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்கின்றன. இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்துவது அதில் ஒன்று. முதலில் சொல்லாத கட்டணத்தைப் பணம் கட்டும் நேரத்தில் சேர்ப்பது இன்னொன்று. அதனால்தான் கூரியரையும் விலையோடு சேர்த்தே எழுதச் சொன்னேன். வாடிக்கையாளர் போல நாமே பாராட்டு எழுதிப் போடுவதை 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடுக்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்றும் அவை சொல்கின்றன. ஆகவே நிறைவேற்ற முடிந்ததை மட்டும் எழுதுங்கள்.

உண்மையான பாராட்டு கிடைக்கச் சேலை போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்து, ‘வாங்கும் முன் என்ன தயக்கம் இருந்தது? இப்போது எப்படி இருக்கிறது?’ என்று கேளுங்கள். ‘சூப்பர் மேடம்’ நூறைவிட, ‘மூன்று தடவை துவைத்தேன், பார்டர் சுருங்கவில்லை’ என்ற ஒரு வரி அதிகம் விற்கும். அனுமதி கேட்டு, பெயரையும் எண்ணையும் மறைத்து வெளியிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் விலை கேட்பவர் இருப்பார்கள். வெறும் ‘2200’ என்று பதில் போடாதீர்கள். ‘2,200 ரூபாய், கூரியர் சேர்த்து. பிளவுஸ் துணி உண்டு. இன்று பணம் அனுப்பினால் நாளைக்குக் கூரியரில் போட்டுவிடுவேன். முந்தி படம் அனுப்பட்டுமா?’ என்று கேள்வியில் முடியுங்கள், பேச்சு தொடரும். பதில் வராவிட்டால் மறுநாள் ஒருமுறை கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. முதல் இரண்டு வாரம் விலையை மட்டும் வெளியே போடுங்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் பணம் கட்டினார்கள் என்று தினமும் குறித்துவையுங்கள். கேட்பவர் எண்ணிக்கை குறையும், கலங்க வேண்டாம். பணம் கட்டியவர் எண்ணிக்கையைப் பாருங்கள். அடுத்த இரண்டு வாரம் முழு விவரம், பிறகு முடிச்சுப் படம். மூன்றும் செய்து, கட்டியவர் எண்ணிக்கை அசையவே இல்லையென்றால் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அதே ரகத்தை மற்றவர்கள் என்ன விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.