மாஸ்க் மட்குமா? கேள்வி பதில்

மொரீஷியஸில் துணி ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவன் நான். இப்போது ஞாயிறுதோறும் கடற்கரையில் குப்பை பொறுக்குகிறேன். நம் உறவுகள் கேட்டவற்றுக்கு என் பதில்.

ரோஸ்ஹில் அக்கா: நீல மாஸ்க் துணிதானே, மட்கிவிடாதா?

பார்க்கத்தான் துணி, அக்கா. மூன்று அடுக்கும் பாலிப்புரோப்பிலீன், தயிர் டப்பா செய்கிற பிளாஸ்டிக். தண்ணீரைவிட லேசு என்பதால் மிதக்கும். வெயிலில் இழை நொறுங்கித் துகளாகும், ஆனால் மட்காது. போன மாதம் அலையாத்தி வேர்களுக்கு நடுவே ஒன்றைப் பிடித்து இழுத்தேன். நீலம் வெளுத்திருந்தது. தொட்டதும் பஞ்சாகப் பிரிந்து நீரோடு போய்விட்டது. என் கையில் மிஞ்சியது மூக்குக் கம்பியும் இரண்டு காது வாரும்தான். போன பஞ்சை இனி யாராலும் பொறுக்க முடியாது.

மகேபூர் அம்மா: துவைத்துப் போடலாமா?

வேண்டாம்மா. நடு அடுக்கில் மின்னேற்றம் ஏற்றியிருப்பார்கள், நுண்துகளை இழுத்துப் பிடிப்பது அதுதான். சோப்பு பட்டால் போய்விடும். இழையும் கழன்று சாக்கடையில் சேரும். துவைத்துப் போட பருத்தி மாஸ்க் தைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரயோலே தம்பி: கொல்லையில் எரித்துவிடுகிறோம், தொல்லை விட்டது.

விடவில்லை தம்பி. அரைகுறை நெருப்பில் புகையும் கரியும்தான் வரும், வீட்டுக் குழந்தைகள் அதைத்தான் சுவாசிக்கும்.

வேதியியல் மாணவி: மாஸ்க்கை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு வரும் என்கிறார்களே. குளோரின் இருந்தால்தானே அது உண்டாகும்? மாஸ்க்கில் குளோரின் இல்லையே, எப்படி வரும்?

சரியாகச் சொன்னாய் மகளே, பாலிப்புரோப்பிலீனில் குளோரின் இல்லை. ஆனால் கொல்லை நெருப்பில் மாஸ்க் மட்டுமா எரிகிறது? பிவிசி குழாய்த் துண்டும் வயர் உறையும் சேர்ந்தே எரியும். குளோரின் அங்கிருந்து வரும். அது இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வரும்.

தம்பி மறுபடியும்: அப்பா காலத்திலிருந்து எரிக்கிறோமே?

அப்பா எரித்தது சருகு. நீ எரிப்பது பிளாஸ்டிக்.

கியூர்பிப் ஐயா: மாஸ்க் மட்குமா?

ரோஸ்ஹில் அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள் ஐயா.

ஃப்ளாக் அண்ணன்: எனக்கு இருமல், எந்த மாஸ்க் நல்லது?

டாக்டரைக் கேளுங்கள் அண்ணே.

போர்ட் லூயிஸ் தங்கை: அப்படியானால் எங்கேதான் போடுவது?

முதலில் இரண்டு காது வாரையும் கத்தரித்துவிடு. 2020இல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் ஒரு கடற்காகத்தின் கால்கள் அந்த வாரில் சிக்கி வீங்கிக் கிடந்தன. பிறகு பையில் முடிந்து, மூடியுள்ள தொட்டியில் போடு. திறந்த தொட்டியென்றால் அடுத்த காற்றிலேயே ஓடைக்குப் போய்விடும்.