வைஃபை வேகம் ஏறி இறங்குகிறது. புதிய ரவுட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?

300 மெகாபிட் இணைப்புக்குப் பணம் கட்டியும் கைப்பேசியில் 90-ஐ ஒட்டித்தான் வருகிறது, மாலையில் அதுவும் தள்ளாடுகிறது, ஆகவே ரவுட்டரை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்றாதீர்கள். நான் வலையமைப்புப் பொறியாளன் அல்லேன். ஒரே பழுதுக்காக அடுத்தடுத்து இரண்டு ரவுட்டர்களை வாங்கிவிட்டு, பழுது ரவுட்டரிலேயே இல்லை என்று கடைசியில் தெரிந்துகொண்டவன் என்பதைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி கிடையாது.

எங்கள் வீட்டில் ஃபைபர் வந்து முடியும் பெட்டி முன்னறையில் இருக்கிறது. ரவுட்டர் வீட்டின் நடுவில் இருந்தால்தான் எல்லா அறைகளுக்கும் சிக்னல் எட்டும் என்பதால் (இது சரியான யோசனைதான், இன்றும் அதையே சொல்வேன்) பெட்டியிலிருந்து நடு அறைக்கு ஒரு லேன் கேபிளை இழுத்தேன். சுவரைத் துளைக்க மனம் வராமல், கதவின் கீல் பக்கத்து இடுக்கு வழியாக அதைக் கொண்டுபோனேன். சில மாதங்களில் வேகம் படுத்துவிட்டது. “கதவைச் சாத்தினால் நெட் நின்று நின்று வருகிறது” என்று அம்மா மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ரேடியோ அலைகளைப் பற்றிப் பாடம் எடுத்தேன்: மரக்கதவு வைஃபையை அவ்வளவாகத் தடுக்காது, கான்கிரீட் சுவரும் இரும்பு அலமாரியும் பெரிய முகம் பார்க்கும் கண்ணாடியும் மீன்தொட்டியும்தான் தடுக்கும் என்று விளக்கினேன். சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அவர் காட்டிய இடத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவதாக வாங்கிய ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் 1200 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அது வைஃபையின் இரண்டு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, கொஞ்சம் மேலே தூக்கிப் போட்ட எண். ஒரு கைப்பேசி பொதுவாக இவற்றில் ஏதேனும் ஒன்றில்தான் இணைந்திருக்கும். அந்த 867-இலும் ஏறக்குறைய பாதியோ சற்று மேலோதான் நம் கைக்கு வந்து சேரும். அப்படிப் பார்த்தாலும் 300 தாராளமாக வந்திருக்க வேண்டும். ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே நின்று அளந்தாலும் 93, 94 என்றுதான் காட்டியது.

அந்த எண்தான் எனக்குத் துப்பு கொடுத்தது; நீங்களும் 90 என்று எழுதியிருப்பதால்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். சிக்னல் குறைவால் வரும் மந்தம் அறைக்கு அறை, நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எங்கே நின்றாலும் ஒரே எண்ணில் போய் முட்டிக்கொள்ளும் மந்தம் பெரும்பாலும் கம்பியிலிருந்து வருவது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். கிகாபிட் (1000 மெகாபிட்) வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஆகவே மற்ற இரண்டில் ஒரு ஜோடி அறுந்துபோனால், பல கருவிகள் இணைப்பைத் துண்டிக்காமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. அதில் தகவல் பொட்டலங்களின் மேலுறைகளுக்கு ஆகும் செலவு போக ஸ்பீடு டெஸ்டில் 94-ஐ ஒட்டித் தெரியும். மடிக்கணினியை ரவுட்டரில் கம்பி வழியாகச் செருகினேன்: 94. அதே மடிக்கணினியை முன்னறைப் பெட்டியிலேயே வேறொரு கேபிளால் நேராகச் செருகினேன்: 300-க்கு மேல். இரண்டுக்கும் நடுவே இருந்தது, கீலில் நசுங்கி உறை வெளுத்துப்போன அந்தக் கேபிள் மட்டுமே. கதவைச் சாத்தும்போது அது இன்னும் அழுந்தி, இணைப்பே அறுந்து, சில நொடிகள் கழித்து மீண்டும் வந்திருக்கிறது. அம்மாவிடம் போய்ச் சொன்னபோது அவர் பெரிதாக ஒன்றும் வியக்கவில்லை.

விவரம் தெரிந்தவர்கள், 100 மெகாபிட் போர்ட் (கேபிள் செருகும் துளை) மட்டுமே உள்ள பழைய ரவுட்டரிலும் இதே 94 வரும் என்பார்கள். உண்மைதான், அப்படியானால் ரவுட்டரை மாற்றத்தான் வேண்டும். ரவுட்டரே பழுதாகாது என்று நான் வாதிடவில்லை. முதலில் கம்பியில் அளந்து பாருங்கள் என்பதே என் வாதம்.

மாலைநேரத் தள்ளாட்டத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த தடங்கள், 1, 6, 11 என்ற மூன்றுதான். சுற்றியுள்ள வீடுகளெல்லாம் விழித்திருக்கும் நேரத்தில் அவை நெரிசலாகிவிடும். கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே இதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், தூரம் மட்டும் சற்றுக் குறையும். அதன் பிறகும் தள்ளாடினால், அந்த நேரத்தில் வீட்டில் யாருடைய கைப்பேசியாவது நாள் முழுதும் எடுத்த படங்களை மேலேற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேற்றப் பாதை நிரம்பினால் ரவுட்டரிலோ மோடத்திலோ பொட்டலங்கள் வரிசை கட்டி நிற்கும். பிங் (ஒரு பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்) சில நூறு மில்லிநொடி வரை ஏறி, தரவிறக்கமும் சேர்ந்து திணறும். ரவுட்டர் அமைப்பில் பதிவேற்றத்தை, அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்த வழியிருந்தால் அதைச் செய்யுங்கள்.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் எத்தனை முறை அழைத்தேன் என்பதற்குக் கணக்கில்லை; ஒவ்வொரு முறையும் ரவுட்டரை அணைத்துவிட்டு மீண்டும் போடச் சொன்னார்களே தவிர, கம்பியில் அளந்தீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பழுது என் வீட்டுக்குள் இருந்ததால் அவர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு அவ்வளவாக இல்லைதான். ஆனாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டாவது ரவுட்டரையாவது வாங்காமல் இருந்திருப்பேன்.

எனவே இன்று மாலை, தள்ளாடும் நேரத்திலேயே, ஃபைபர் பெட்டியில் அல்லது மோடத்தில் மடிக்கணினியை நேராகச் செருகி ஒருமுறையும் ரவுட்டரில் செருகி ஒருமுறையும் அளந்து, இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணே குறைவாக இருந்தால் அதை நேரத்தோடு எழுதி இணைப்பு தந்தவர்களுக்கு அனுப்புங்கள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது 94-இல் நின்றால், ரவுட்டரின் போர்ட் கிகாபிட்தானா என்று பார்த்துவிட்டு, கேபிளை மாற்றுங்கள்.